எஃப்5 அழுத்தினால் ஓடும் நீட்சி, பொதி செய்து கொடுத்தபின் ஏன் ஓடுவதில்லை?

உங்கள் கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். யாம்ல் அமைப்புக் கோப்புகளைச் சரிபார்க்கும் நீட்சி (எக்ஸ்டென்ஷன், எடிட்டரோடு சேரும் துணை நிரல்) ஒன்றை விஎஸ் கோட் எடிட்டருக்காக டைப்ஸ்கிரிப்டில் எழுதியிருக்கிறீர்கள். ஜேஎஸ்-யாம்ல், ஏஜேவி, லோடாஷ், ஜேசன்சி-பார்சர் என்ற நான்கு லைப்ரரிகளைப் பயன்படுத்துகிறீர்கள். எஃப்5 அழுத்திச் சோதித்தால் எல்லாம் ஒழுங்காக நடக்கிறது. நீட்சிகளைப் பொதி செய்யும் கருவியான விஎஸ்சிஇக்கு ‘விஎஸ்சிஇ பேக்கேஜ்’ கட்டளையைக் கொடுத்துப் பெற்ற விஎஸ்ஐஎக்ஸ் பொதிக் கோப்பு உங்கள் மடிக்கணினியிலும் ஓடுகிறது. அதே கோப்பை அலுவலக நண்பரின் கணினியில் நிறுவினால் கமாண்ட் பேலட்டில் (எடிட்டரின் கட்டளைப் பட்டியலில்) கட்டளையின் பெயர் தெரிகிறது, அழுத்தினால் மட்டும் ‘கமாண்ட் நாட் ஃபவுண்ட்’ என்று வருகிறது. பொதி செய்தபோது 1,500க்கும் மேற்பட்ட கோப்புகள் உள்ளே போவதாகவும் பண்டில் செய்வது (நிரலையும் லைப்ரரிகளையும் ஒரே கோப்பாக்குவது) நல்லது என்றும் ஓர் எச்சரிக்கை வந்ததையும் குறிப்பிட்டிருக்கிறீர்கள். இது விஎஸ்சிஇ கருவியின் பிழையா, அல்லது நீட்சிகளின் பொதுக் களஞ்சியமான மார்க்கெட்பிளேஸில் ஏற்றினால்தான் பிறரிடம் வேலை செய்யுமா என்று கேட்டிருக்கிறீர்கள். பிழையும் அல்ல, ஏற்ற வேண்டிய தேவையும் இல்லை. ஆனால் நீங்கள் உண்மையில் அறிய விரும்புவது, உங்கள் திரையில் ஓடியதும் நண்பருக்குப் போய்ச் சேர்ந்ததும் ஒரே பொருள்தானா என்பதே என்று எண்ணுகிறேன். ஒரே பொருள் அல்ல; தொல்லை முழுவதும் அங்கிருந்துதான் வருகிறது.

நான் ஏழெட்டு ஆண்டுகளாக இத்தகைய நீட்சிகளை எழுதி வருகிறேன். பெரும்பாலானவை நிறுவனங்களின் உள்பயன்பாட்டுக்கானவை, சில பொதுவில் வெளியானவை. நீட்சியின் விவரங்களைக் கொண்ட பேக்கேஜ்.ஜேசன் கோப்பை நீங்கள் ஒட்டவில்லை என்பதால், கருவி எப்படி நடந்துகொள்ளும் என்பதை உறுதியாகவும், உங்களிடத்தில் நேர்ந்தது எது என்பதை ஊகமாகவும் சொல்கிறேன். எது எந்த வகை என்பதை அவ்வவ்விடத்தில் குறிப்பிடுவேன்.

விஎஸ்சிஇ செய்யும் வேலை நாம் நினைப்பதைவிட மிகக் குறைவு. பேக்கேஜ்.ஜேசனைப் படித்து, பெயர், பதிப்பு எண், வெளியீட்டாளர் பெயர், எந்த விஎஸ் கோட் பதிப்பு முதல் ஓடும் என்பன போன்ற விவரங்கள் சரியாக உள்ளனவா என்று பார்க்கிறது. ஸ்கிரிப்ட்ஸ் பகுதியில் ‘விஎஸ்கோட்:ப்ரீபப்ளிஷ்’ என்ற பெயரில் நீங்கள் ஏதேனும் எழுதியிருந்தால் அதை ஓட்டுகிறது. எந்தெந்தக் கோப்புகளை எடுத்துக்கொள்வது என்று முடிவுசெய்து அவற்றை ஒரு ஜிப் கோப்பாகக் கட்டுகிறது. இவ்வளவுதான். உங்கள் நிரலைப் படித்துப் பார்த்து, ‘இந்த வரியில் ஜேஎஸ்-யாம்லை அழைக்கிறார், ஆகவே அது தேவைப்படும்’ என்று அது ஒருபோதும் ஆராய்வதில்லை. சாமான் கட்டும் ஆளைப் போல, கொடுத்த பட்டியலின்படி பெட்டியில் வைத்துக் கயிறு கட்டிவிடும். பட்டியலில் இல்லாத பொருளைத் தேடி எடுத்து வைப்பது அதன் வேலை அல்ல.

விஎஸ்ஐஎக்ஸ் என்பதும் மந்திரப் பெட்டி அன்று. விஷுவல் ஸ்டுடியோ 2010உடன் வந்த வடிவம் அது. ஓபன் பேக்கேஜிங் கன்வென்ஷன்ஸ் என்ற விதிமுறைப்படி அமைந்த சாதாரண ஜிப் கோப்புதான். வேர்டின் டாக்ஸ் கோப்பும் அதே விதிமுறையைப் பின்பற்றுவதே. ஆகவே எந்த விளக்கத்தையும் நம்புவதற்கு முன் கோப்பின் பின்னொட்டை ‘ஜிப்’ என மாற்றிப் பிரித்துப் பாருங்கள். மேல்நிலையில் உள்ளடக்க வகைகளைச் சொல்லும் ஓர் எக்ஸ்எம்எல் கோப்பு, ‘எக்ஸ்டென்ஷன்.விஎஸ்ஐஎக்ஸ்மேனிஃபெஸ்ட்’ என்ற கோப்பு, ‘எக்ஸ்டென்ஷன்’ என்ற கோப்புறை ஆகியவை இருக்கும். அந்தக் கோப்புறைக்குள் இருப்பவை மட்டுமே உங்கள் நண்பரின் வீட்டுக் கோப்புறையில் ‘.விஎஸ்கோட்’ என்பதற்குள் உள்ள ‘எக்ஸ்டென்ஷன்ஸ்’ கோப்புறையில் போய் அமரும். அதற்குள் ‘நோட்_மாட்யூல்ஸ்’ கோப்புறையைத் திறந்து உங்கள் நான்கு லைப்ரரிகளும் உள்ளனவா என்று எண்ணுங்கள். மூன்று இருந்து ஒன்று இல்லையென்றால் பாதி வேலை முடிந்தது. பொதி செய்யாமலே பட்டியலை மட்டும் பார்க்க ‘விஎஸ்சிஇ எல்எஸ்’ கட்டளை போதும். புதிய பதிப்புகளில் அத்துடன் இரட்டைக் கோட்டுடன் ‘ட்ரீ’ என்று சேர்த்தால் கோப்புறைவாரியாகக் காட்டும். இந்தக் கட்டளையை ஓட்டாமல் எதையும் வெளியே கொடுக்காமலிருப்பது என் வழக்கம்.

இனி அந்தப் பிழைச் செய்திக்கு வருவோம், ஏனெனில் அது திசைதிருப்பும் செய்தி. கட்டளையின் பெயர் பேலட்டில் தெரிகிறது என்பதால் நீட்சி ஏற்றப்பட்டுவிட்டது என்று நாம் முடிவுகட்டிவிடுகிறோம். விஎஸ் கோட் அந்தப் பெயரை உங்கள் நிரலிலிருந்து எடுப்பதில்லை, பேக்கேஜ்.ஜேசனின் ‘கான்ட்ரிப்யூட்ஸ்’ பகுதியைப் படித்து, உங்கள் நிரலில் ஒரு வரியைக்கூட ஓட்டாமல், பேலட்டில் எழுதிவைக்கிறது. நீங்கள் அதை அழுத்திய பிறகுதான் எக்ஸ்டென்ஷன் ஹோஸ்ட் என்ற தனி நோட் (ஜாவாஸ்கிரிப்டை ஓட்டும் சூழல்) செயல்முறைக்குள் உங்கள் முதன்மைக் கோப்பு ஏற்றப்படுகிறது. அந்தக் கோப்பின் முதல் சில வரிகளிலேயே ஒரு லைப்ரரி கிடைக்காமல் போனால் ஏற்றம் அங்கேயே முறிகிறது. கட்டளையைப் பதிவுசெய்யும் வரியை நிரல் எட்டுவதே இல்லை. பதிவாகாத கட்டளையைத் தேடிய விஎஸ் கோட், உண்மையைத்தான் சொல்கிறது: கட்டளை கிடைக்கவில்லை. ஏன் கிடைக்கவில்லை என்பது வேறோர் இடத்தில் எழுதப்பட்டிருக்கும். நண்பரின் கணினியில் அவுட்புட் பலகத்தைத் திறந்து, வலப்பக்கப் பட்டியலில் ‘எக்ஸ்டென்ஷன் ஹோஸ்ட்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். ‘கேனாட் ஃபைன்ட் மாட்யூல்’ என்று தொடங்கி ஒரு லைப்ரரியின் பெயரோடு முடியும் வரி அங்கே இருக்கும் என்று எதிர்பார்க்கிறேன். இது ஊகம்தான், ஆனால் நீங்கள் விவரித்த அறிகுறிக்கு இதைவிடப் பொதுவான காரணத்தை நான் கண்டதில்லை.

எஃப்5 அழுத்தும்போது இது ஏன் தெரிவதில்லை என்றால், அப்போது பொதி என்று எதுவுமே இல்லை. எக்ஸ்டென்ஷன் டெவலப்மென்ட் ஹோஸ்ட் என்ற புதிய சாளரம் உங்கள் வேலைக் கோப்புறையையே நேரடியாக நீட்சியாக எடுத்துக்கொள்கிறது. அதில் உள்ள நோட்_மாட்யூல்ஸ், லைப்ரரிகளை நிறுவும் கருவியான என்பிஎம்மின் இன்ஸ்டால் கட்டளை கொண்டுவந்து கொட்டிய அனைத்தையும் வைத்திருக்கும்: ஓட்டத்துக்குத் தேவையானவை, சோதனைக்குத் தேவையானவை, டைப்ஸ்கிரிப்ட் கம்பைலர், எல்லாம். எதைக் கேட்டாலும் கிடைக்கும் வீட்டுக்குள் இருந்துகொண்டு, பயணப் பெட்டியில் எல்லாம் வைத்தோமா என்று சோதிக்க முடியாது.

பொதிக்குள் எந்த லைப்ரரி போகும் என்பதை விஎஸ்சிஇ தானாக முடிவுசெய்வதில்லை, என்பிஎம்மிடம் கேட்கிறது. ‘என்பிஎம் லிஸ்ட்’ கட்டளையை ‘ப்ரொடக்‌ஷன்’ என்ற தெரிவுடன் ஓட்டி, வரும் பாதைகளை மட்டும் எடுத்துக்கொள்கிறது. அதாவது பேக்கேஜ்.ஜேசனில் ‘டிபெண்டன்சீஸ்’ என்ற பகுதியில் உள்ளவையும் அவற்றின் சார்புகளும் போகும்; ‘டெவ்டிபெண்டன்சீஸ்’ பகுதியில் உள்ளவை போகா. இதற்கு மேல் ‘.விஎஸ்கோட்இக்னோர்’ என்ற கோப்பில் நீங்கள் எழுதியுள்ள விலக்குகள் பொருந்தும். இரண்டு சல்லடைகளிலும் தங்குவதே பெட்டிக்குள் சேரும்.

இங்கே உங்கள் எச்சரிக்கைச் செய்தியே ஒரு துப்பு. இந்த வகைப் பிழைக்கு வழக்கமான காரணம், பண்டில் செய்யும் திட்டங்களுக்கான வார்ப்பிலிருந்து (டெம்ப்ளேட்டிலிருந்து) .விஎஸ்கோட்இக்னோர் கோப்பை நகலெடுத்துவிட்டு, பண்டில் செய்ய மறந்துவிடுவது. அந்த வார்ப்பில் நோட்_மாட்யூல்ஸ் முழுவதையும் விலக்கும் வரி இருக்கும். ஆனால் அப்படி இருந்திருந்தால் உங்கள் பொதியில் சில பத்துக் கோப்புகளே இருந்திருக்கும். லோடாஷ் ஒன்றே ஆயிரம் கோப்புகளுக்கு மேல் கொண்டது, ஏஜேவியும் சில நூறு கோப்புகளைக் கொண்டுவரும். ஆகவே 1,500 என்ற எண், லைப்ரரிகள் பெரும்பாலும் உள்ளே போகின்றன என்பதைக் காட்டுகிறது. அப்படியானால் விடுபட்டது ஒன்றிரண்டே. என் சந்தேகம் ஜேஎஸ்-யாம்ல் மீது. அந்த லைப்ரரி டைப்ஸ்கிரிப்டுக்கான வகை விவரங்களைத் தன்னோடு கொண்டுவருவதில்லை என்பதால், ‘டைப்ஸ்’ வரிசையில் உள்ள துணைப் பொதியையும் சேர்த்து நிறுவ வேண்டியிருக்கும். வகை விவரங்கள் எழுதும்போது மட்டுமே தேவை என்பதால் ‘சேவ்-டெவ்’ என்ற தெரிவோடு நிறுவுவார்கள். பலர் இரண்டையும் ஒரே கட்டளையில் சேர்த்து நிறுவிவிடுகிறார்கள். லைப்ரரியும் டெவ்டிபெண்டன்சீஸ் பகுதிக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறது. எஃப்5இல் எந்த வேறுபாடும் தெரியாது. நீங்கள் அப்படித்தான் செய்தீர்கள் என்று என்னால் உறுதி கூற இயலாது, பேக்கேஜ்.ஜேசனைத் திறந்தால் பத்து விநாடியில் தெரிந்துவிடும்.

அப்படியானால் உங்கள் மடிக்கணினியில் நிறுவிய பொதி மட்டும் ஏன் ஓடியது என்பதே உங்கள் கேள்வியில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. இதற்கு இரண்டு சாத்தியங்கள் தோன்றுகின்றன. ஒன்று, நோட் ஒரு லைப்ரரியைத் தேடும் முறை. அழைத்த கோப்பு இருக்கும் கோப்புறையில் நோட்_மாட்யூல்ஸ் இல்லையென்றாலோ, அதற்குள் தேடியது இல்லையென்றாலோ, அதற்கு மேலுள்ள கோப்புறையில் பார்க்கும். அங்கும் இல்லையென்றால் அதற்கும் மேலே. இப்படியே வட்டின் உச்சி வரை ஏறும். நிறுவப்பட்ட நீட்சி உங்கள் வீட்டுக் கோப்புறைக்கு உள்ளே இருக்கிறது. என்றோ ஒருநாள் முனையத்தைத் திறந்து, திட்டக் கோப்புறைக்குள் போக மறந்து, வீட்டுக் கோப்புறையிலேயே என்பிஎம் இன்ஸ்டால் ஓட்டியிருந்தால், அங்கே ஒரு நோட்_மாட்யூல்ஸ் இன்றும் கிடக்கும். ஜேஎஸ்-யாம்ல் பல கருவிகளுக்குச் சார்பாக இருப்பதால் அதற்குள் அதுவும் இருக்க வாய்ப்புண்டு. உங்கள் நீட்சி அதை எடுத்துக்கொண்டு மௌனமாக ஓடியிருக்கும். இரண்டாவது சாத்தியம் இன்னும் எளிமையானது: சோதனைச் சாளரம் திறந்திருந்த நிலையில் அதிலேயே கட்டளையை அழுத்தியிருப்பீர்கள், நிறுவியது ஓடுகிறது என்று எண்ணியிருப்பீர்கள். முதலாவதைச் சோதிக்க, வீட்டுக் கோப்புறையில் நோட்_மாட்யூல்ஸ் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் பெயரை மாற்றிவிட்டு மீண்டும் ஓட்டிப் பாருங்கள். பொதுவாகவே, பொதியைச் சோதிக்கும்போது ‘எக்ஸ்டென்ஷன்ஸ்-டிர்’, ‘யூசர்-டேட்டா-டிர்’ என்ற இரண்டு தெரிவுகளுக்கும் உங்கள் வீட்டுக் கோப்புறைக்கு வெளியே உள்ள வெற்றுக் கோப்புறைகளைக் கொடுத்து விஎஸ் கோடைத் திறந்து அதில் நிறுவிப் பார்ப்பது நல்லது. நண்பரின் கணினிக்கு மிக நெருக்கமான நிலை அதுவே.

சரிசெய்யும் வழிகள் இரண்டு. விடுபட்ட லைப்ரரியை டிபெண்டன்சீஸ் பகுதிக்கு மாற்றி மீண்டும் பொதி செய்தால் இன்றைக்குள் நண்பரிடம் ஓடிவிடும். அவசரத்துக்கு இதைச் செய்யுங்கள். ஆனால் 1,500 கோப்புகளை அப்படியே விட்டுவைக்க வேண்டாம். ஒவ்வொரு சிறு கோப்பையும் வட்டிலிருந்து தேடிப் படிப்பதால் நீட்சி விழித்தெழ நேரம் பிடிக்கும். வைரஸ் தடுப்பு மென்பொருள் ஒவ்வொரு கோப்பையும் தடவிப் பார்க்கும் அலுவலக விண்டோஸ் கணினிகளில் அது கண்ணுக்குத் தெரியும் தாமதமாகவே இருக்கும். மேலும் நீங்கள் பயன்படுத்தாத பகுதிகள், பிறர் எழுதிய சோதனைக் கோப்புகள், விளக்கக் கோப்புகள் எல்லாம் கூடவே பயணம் செய்கின்றன. ஓட்டத்தின்போது ஒரு லைப்ரரியாவது தேவைப்படும் எந்த நீட்சியையும் பண்டில் செய்தே கொடுக்க வேண்டும் என்பது என் கருத்து. இதில் மாற்றுக்கருத்து உள்ளவர்கள் உண்டு. சிறிய நீட்சிக்கு அது கூடுதல் சுமை என்பார்கள். பண்டில் செய்யும் கருவியான ஈஎஸ்பில்ட் வந்த பிறகு அந்த வாதத்தில் எனக்கு வலு தெரியவில்லை.

ஈஎஸ்பில்டை இதற்குப் பயன்படுத்தும்போது நான்கு தெரிவுகள் முக்கியம். ‘பண்டில்’ என்பதைக் கொடுக்க வேண்டும். ‘பிளாட்ஃபார்ம்’ என்பதற்கு நோட் என்றும், ‘ஃபார்மட்’ என்பதற்கு சிஜேஎஸ் (காமன்ஜேஎஸ் என்ற மாட்யூல் வடிவம்) என்றும் கொடுக்க வேண்டும். ‘எக்ஸ்டர்னல்’ என்பதற்கு விஎஸ்கோட் என்று கொடுக்க வேண்டும். கடைசியானது ஏன் என்று பலர் குழம்புவதுண்டு. நிரலின் தலைப்பில் நீங்கள் இறக்குமதி செய்யும் ‘விஎஸ்கோட்’ என்ற மாட்யூல் வட்டில் எங்கும் இல்லை. நீட்சி ஓடும் வேளையில் எடிட்டரே அதைக் கையில் கொடுக்கிறது. அதை வெளியே விடச் சொல்லாவிட்டால் ஈஎஸ்பில்ட் அதையும் தேடிப் போய்க் கிடைக்கவில்லை என்று நின்றுவிடும். இன்னொன்று, ஈஎஸ்பில்ட் டைப்ஸ்கிரிப்டின் வகைக் குறிப்புகளை உரித்தெறியுமே தவிர அவற்றைச் சரிபார்க்காது. ஆகவே அதற்கு முன் டைப்ஸ்கிரிப்டின் டிஎஸ்சி கம்பைலரை ‘நோஎமிட்’ தெரிவோடு ஒருமுறை ஓட்டும்படி ஸ்கிரிப்டில் எழுதிவையுங்கள். இந்த இரண்டையும் ‘விஎஸ்கோட்:ப்ரீபப்ளிஷ்’ ஸ்கிரிப்டுக்குள் வைத்தால் விஎஸ்சிஇ ஒவ்வொரு முறையும் தானே ஓட்டிக்கொள்ளும். அதன்பின் .விஎஸ்கோட்இக்னோர் கோப்பில் நோட்_மாட்யூல்ஸ், மூல நிரல் கோப்புறை, சோதனைக் கோப்புறை ஆகியவற்றை விலக்கிவிட்டு, ‘நோ-டிபெண்டன்சீஸ்’ தெரிவோடு பொதி செய்யுங்கள். என்பிஎம்மிடம் பட்டியல் கேட்கும் வேலையே அப்போது நடக்காது.

நீங்கள் ஜேசன்சி-பார்சரைப் பயன்படுத்துவதால் ஒரு பள்ளத்தை முன்கூட்டியே காட்டிவிடுகிறேன். அந்த லைப்ரரியின் ‘மெயின்’ புலம் யூஎம்டி என்ற மாட்யூல் வடிவத்தில் உள்ள கோப்பைச் சுட்டுகிறது. அந்த வடிவத்தில் உள்கோப்புகளை அழைக்கும் விதத்தை ஈஎஸ்பில்டால் கண்டுகொள்ள முடிவதில்லை. பண்டில் எந்தப் புகாரும் இன்றி முடியும், ஓட்டும்போது ‘./இம்ப்ல்/ஃபார்மட்’ என்ற மாட்யூல் கிடைக்கவில்லை என்று விழும். முதன்முறை இதைப் பார்த்தபோது, அப்படி ஒரு கோப்பை நான் எழுதவே இல்லையே என்று ஒரு மாலை முழுவதும் என் திட்டத்துக்குள்ளேயே தேடிக்கொண்டிருந்தேன். ‘மெயின்-ஃபீல்ட்ஸ்’ என்ற தெரிவில் முதலில் மாட்யூல், பிறகு மெயின் என்று வரிசையை மாற்றிக் கொடுத்தால் தீர்ந்துவிடும்.

பண்டில் செய்வதில் இன்னொரு பள்ளமும் உண்டு; அதில் நானே விழுந்திருக்கிறேன். முன்பு வேலை பார்த்த ஒரு நிறுவனத்தில், வார்ப்புக் கோப்புகளிலிருந்து அறிக்கை தயாரிக்கும் நீட்சியை எழுதியிருந்தேன். ‘அவுட்’ கோப்புறைக்குள் ‘ஹெல்பர்ஸ்’ என்ற உட்கோப்புறையில் இருந்த கோப்பு, தான் இருக்கும் இடத்திலிருந்து இரண்டு படி மேலேறி ‘டெம்ப்ளேட்ஸ்’ கோப்புறையைத் தேடும்படி எழுதியிருந்தேன். எஃப்5க்கு டிஎஸ்சி தனித்தனிக் கோப்புகளாக உருவாக்கித் தந்தது. பொதிக்கோ ஈஎஸ்பில்ட் எல்லாவற்றையும் ஒரே கோப்பாக்கி, அதே அவுட் கோப்புறையின் மேல்மட்டத்தில் வைத்தது. ஹெல்பர்ஸ் என்ற படி மறைந்துவிட்டதால் இரண்டு படி மேலேறினால் நீட்சியின் கோப்புறைக்கே வெளியே போய்விடும். வெள்ளிக்கிழமை மாலை பன்னிரண்டு பேருக்குக் கோப்பை அனுப்பிவிட்டு வீட்டுக்குப் போனேன். திங்கள் காலை பன்னிரண்டு பேரும் ஒரே செய்தியை அனுப்பியிருந்தார்கள். கோப்பு இருக்கும் இடத்தை நம்பிப் பாதையைக் கணக்கிடாதீர்கள். ஆக்டிவேட் செயற்கூறுக்கு வரும் ‘கான்டெக்ஸ்ட்’ பொருளில் நீட்சியின் வேர்க் கோப்புறையைத் தரும் ‘எக்ஸ்டென்ஷன்யூஆர்ஐ’ இருக்கிறது. அங்கிருந்து கணக்கிட்டால் பண்டில் செய்தாலும் செய்யாவிட்டாலும் பாதை மாறாது. எஃப்5 அழுத்தும்போது முன்னோட்டமாக ஓடும் பணியையும் அதே ஈஎஸ்பில்ட் கட்டளையாக மாற்றிவிட்டேன். அன்றுமுதல் நான் சோதிப்பதும் பிறர் பெறுவதும் ஏறக்குறைய ஒன்றாகிவிட்டன.

வேறு சில காரணங்களும் இதே அறிகுறியைத் தரும். விண்டோஸிலும் மேக்கிலும் கோப்புப் பெயரில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாடு பொதுவாகப் பொருட்படுத்தப்படுவதில்லை, லினக்ஸில் பொருட்படுத்தப்படும். நண்பர் லினக்ஸில் இருந்தால் இறக்குமதி வரிகளில் எழுத்தைச் சரிபாருங்கள். என்பிஎம்முக்குப் பதிலாகப் பிஎன்பிஎம் பயன்படுத்தினால் அது லைப்ரரிகளைக் குறியீட்டு இணைப்புகளாக வைப்பதால் விஎஸ்சிஇக்கும் அதற்கும் ஒத்துப்போவதில்லை. பண்டில் செய்து நோ-டிபெண்டன்சீஸ் கொடுப்பதே வழி. பல திட்டங்களை ஒரே களஞ்சியத்தில் வைத்து என்பிஎம் வொர்க்ஸ்பேஸஸ் பயன்படுத்துவோருக்கு லைப்ரரிகள் மேல்மட்டக் கோப்புறையில் போய்விடுவதால், ‘இன்வேலிட் ரிலேட்டிவ் பாத்’ என்று பொதி செய்வதே முறியும். அதற்கும் மருந்து இதுவே.

பொதி செய்யும்போது கருவி எழுப்பும் தடைகளை எரிச்சலாகக் கருதாதீர்கள். வார்ப்பில் வந்த ரீட்மீ கோப்பைத் திருத்தாமல் விட்டால் நின்றுவிடும். வகை விவரங்களுக்கான ‘டைப்ஸ்/விஎஸ்கோட்’ பதிப்பு, ‘என்ஜின்ஸ்’ பகுதியில் நீங்கள் வாக்களித்துள்ள பதிப்பைவிடப் புதிதாக இருந்தாலும் நிற்கும். இது நியாயமான தடை, ஏனெனில் பழைய எடிட்டரில் இல்லாத வசதியை நீங்கள் அறியாமலே அழைத்துவிடலாம். அண்மைப் பதிப்புகள் ‘.என்வ்’ கோப்போ ரகசியச் சாவிகளோ பொதிக்குள் போவதைக் கண்டாலும் நிறுத்துகின்றன. அதைத் தவிர்க்கும் தெரிவுகள் உண்டு. அவற்றைப் பயன்படுத்துவதற்கு முன் இரண்டு முறை யோசியுங்கள். விஎஸ்ஐஎக்ஸ் எவரும் பிரித்துப் படிக்கக்கூடிய ஜிப் என்பதை மேலே பார்த்தோம். கருவியின் பெயரையும் ஒருமுறை சரிபாருங்கள். என்பிஎம்மில் வெறும் ‘விஎஸ்சிஇ’ என்ற பெயரில் இருந்த பொதி 2022இல் ‘விஎஸ்கோட்’ என்ற குடைப்பெயருக்குக் கீழே மாறிவிட்டது. பழைய பெயரில் 2.15.0 என்பதே கடைசிப் பதிப்பு. பழைய வலைப்பதிவைப் பார்த்து நிறுவியிருந்தால் நீங்கள் இன்னும் அதையே ஓட்டிக்கொண்டிருக்கலாம். இப்போதைய பதிப்புகளுக்கு நோட் 20 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பு வேண்டும்.

இனி மார்க்கெட்பிளேஸ் பற்றி. நான்கைந்து நண்பர்களுக்குக் கொடுக்க அங்கே போக வேண்டியதில்லை. கணக்கும் வேண்டாம், டோக்கனும் (அனுமதிச் சாவியும்) வேண்டாம். வெளியீட்டாளர் பெயர் என்ற புலத்தில் ஏதேனும் ஒரு பெயர் இருக்க வேண்டும், அவ்வளவே. எக்ஸ்டென்ஷன்ஸ் பக்கத்தின் மேல்மூலையில் உள்ள மூன்று புள்ளிகளை அழுத்தி ‘இன்ஸ்டால் ஃப்ரம் விஎஸ்ஐஎக்ஸ்’ என்பதைத் தேர்ந்தெடுத்தால் போதும். இப்படி நிறுவியவை தாமாகப் புதுப்பிக்கப்படமாட்டா. ஒவ்வொரு திருத்தத்துக்கும் புதிய கோப்பை நீங்களே அனுப்ப வேண்டும். ஆகவே பதிப்பு எண்ணை ஒவ்வொரு முறையும் உயர்த்துங்கள், இல்லாவிட்டால் யாரிடம் எது இருக்கிறது என்ற கணக்கு ஒரே வாரத்தில் குழம்பிவிடும்.

பின்னாளில் பொதுவில் வெளியிட விரும்பினால், மைக்ரோசாஃப்டின் அஸூர் டெவ்ஆப்ஸ் தளத்தில் டோக்கன் எடுக்கும்போது ஒரு குறிப்பிட்ட நிறுவனக் கணக்கைத் தேர்ந்தெடுக்காமல் ‘ஆல் ஆக்சஸிபிள் ஆர்கனைசேஷன்ஸ்’ என்பதையும், உரிமையில் மார்க்கெட்பிளேஸுக்கு ‘மேனேஜ்’ என்பதையும் தேர்ந்தெடுங்கள். 401 அல்லது 403 பிழை வந்து மன்றாடும் பெரும்பாலோர் இந்த இரண்டில் ஒன்றைத் தவறவிட்டவர்களே. விஎஸ்கோடியம் போன்ற எடிட்டர்களைப் பயன்படுத்துவோருக்கும் சேர வேண்டுமானால், எக்லிப்ஸ் அறக்கட்டளை நடத்தும் ஓபன் விஎஸ்எக்ஸ் களஞ்சியத்திலும் ஏற்ற வேண்டியிருக்கும். அதற்கு ‘ஓவிஎஸ்எக்ஸ்’ என்ற தனிக் கருவி உண்டு. நீங்கள் கட்டிய அதே விஎஸ்ஐஎக்ஸ் கோப்பை அது ஏற்றுக்கொள்ளும்.

என் அனுபவத்தின் எல்லையையும் சொல்லிவிடுகிறேன். உங்கள் நான்கு லைப்ரரிகளும் தூய ஜாவாஸ்கிரிப்ட் என்பதால்தான் மேலே இவ்வளவு உறுதியாகப் பேசினேன். சி++இல் எழுதி இயந்திர நிரலாக மாற்றப்படும் லைப்ரரியை என்றாவது சேர்த்தால் கதை வேறு. ஈஎஸ்பில்டால் அதை விழுங்க முடியாது. ஒவ்வொரு இயங்குதளத்துக்கும் ‘டார்கெட்’ தெரிவோடு தனித்தனிப் பொதி கட்ட வேண்டும். விண்டோஸ், மேக், வழக்கமான லினக்ஸ் ஆகியவற்றுக்கு அப்படிக் கட்டியிருக்கிறேன். ஆல்பைன் லினக்ஸுக்குக் கட்டியதில்லை, ஆகவே அதைப் பற்றிக் கேட்டால் வேறொருவர்தான் பதில் சொல்ல வேண்டும்.

முதலில் நண்பரின் கணினியில் எக்ஸ்டென்ஷன் ஹோஸ்ட் பதிவில் உள்ள அந்த ஒரு வரியைப் பாருங்கள். அதில் ஜேஎஸ்-யாம்ல் அல்லாத வேறு பெயர் இருந்தாலோ, ‘கேனாட் ஃபைன்ட் மாட்யூல்’ என்பதே இல்லாமல் வேறு பிழை இருந்தாலோ, அந்த வரியையும் ‘விஎஸ்சிஇ எல்எஸ்’ தரும் பட்டியலின் முதல் முப்பது வரிகளையும் பேக்கேஜ்.ஜேசனின் இரண்டு சார்புப் பகுதிகளையும் கேள்வியில் சேர்த்து ஒட்டுங்கள். பிழை வரியில் வரும் பாதையில் நண்பரின் பயனர்பெயர் இருக்கும். ஒட்டுவதற்கு முன் அதை அழித்துவிடுங்கள்.